கீழே ஒருத்தன் இருக்கான்

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா, நோயாளிகளை வீட்டோடு பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். போன வாரம் தன் போனைக் காட்டினாள். அதில் ஒரு பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். அறையில் கேமரா வைத்திருக்கிறார்களாம். அவள் சமையலறையில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்து, ‘தூங்குகிறார்’ என்ற இடத்தில் விரலை வைத்துவிட்டால் போதுமாம்.

“மூச்சு வருதான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“கேமரா இருக்குல்ல ஆண்ட்டி” என்றாள்.

அவளே பிறகு, தங்கள் கம்பெனியில் பழைய ஆட்களின் அனுபவத்தைச் சேர்த்துப் புத்தகம் போடுகிறார்கள், நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்றாள். நான் நாலாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டி எழுத நாளாகும். ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

என் பெயர் ஞானம்மா. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றேன். நீலசந்திராவில் வீடு. சிவாஜிநகரில் பஸ் மாறிப் போவேன். சேர்ந்த புதிதில் பெட்பேன் எடுக்கவும், படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பை மாற்றவும், புண் வராமல் ஆளைப் புரட்டவும் கற்றுக்கொண்டேன். அதையெல்லாம் எழுதினால் புத்தகம் பத்தாது. எங்களுக்கெல்லாம் மேலே இருந்த மேட்ரனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது.

மேட்ரன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, தோள்பட்டையில் குத்திய கடிகாரம். குரல் உயர்த்த மாட்டார். ஒரு தடவைதான் கூப்பிடுவார். இரண்டாவது தடவை கூப்பிடுவதற்குப் பதிலாக அவரே வந்து பக்கத்தில் நிற்பார். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் படுத்திருக்கும்போது நாங்கள் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்து வரவேண்டும். வாசலில் இருந்தே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, ‘எல்லாரும் தூங்குறாங்க மேட்ரன்’ என்று சொல்வோம். அவர் எழுதுவதை நிறுத்தாமலே, “பாத்தியா?” என்பார். “பாத்தேன் மேட்ரன்.” “மூச்சு பாத்தியா?” அங்கேதான் மாட்டிக்கொள்வோம். திரும்பிப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, போர்வை மேலே ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வரவேண்டும். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். என்னோடு வேலை செய்த ஷாந்தம்மா, கனகபுரா பக்கத்துக்காரி, கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவள். “இந்தம்மா செத்து சொர்க்கத்துக்குப் போனாலும் அங்க சாமிக்கு மூச்சு இருக்கான்னு பாக்கும்” என்பாள்.

டெஸ்மண்ட் சார் வந்தபோது அவருக்கு எண்பது இருக்கும். இந்த ஊர் ஆங்கிலோ இந்தியர். ஆறடிக்கு மேலே உயரம், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. சின்ன வயதில் வீட்டை விட்டு பம்பாய்க்கு ஓடிப்போய், சரக்குக் கப்பல் ஏறி, இங்கிலாந்தில் இறங்கி, உலக யுத்தம் வந்தபோது பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றில் சேர்ந்தவர். கப்பலின் பெயரைச் சொல்வார், எனக்கு மனதில் நிற்கவில்லை. எங்களிடம் பேசுவது பழைய பட்டாளத்துப் பகுதியில் பேசும் கண்டோன்மென்ட் தமிழ். அது அவருக்கு மறக்கவே இல்லை. மற்றதெல்லாம் மறந்துகொண்டு வந்தது. காலையில் தின்ற ரொட்டி மத்தியானம் நினைவிருக்காது. மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள் என்பது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. கப்பல் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கப்பல் கதையை அவர் குளிக்கும்போதுதான் சொல்வார்.

வயதானவர்களைக் குளிப்பாட்ட முறை உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் காலில் ஊற்றி, உடம்பு பழகின பிறகுதான் மேலே போகவேண்டும். டெஸ்மண்ட் சார் ஒப்புக்கொள்ள மாட்டார். முதல் சொம்பு பச்சைத் தண்ணீர், அதுவும் தோளில். மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு, “அவர் குளியல் அவரோடது. நடுங்கினா மட்டும் நிறுத்து” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பச்சைத் தண்ணீர்தான் பனிக்கடல். ருஷ்யாவுக்குச் சாமான் கொண்டு போகும் கப்பல்களுக்குக் காவல் போனார்களாம். மேல்தளக் கம்பியில் எல்லாம் பனி உறைந்து, கோடாலியால் வெட்டி எடுக்கவேண்டுமாம். எடுக்காவிட்டால் பனியின் கனத்திலேயே கப்பல் சாயுமாம். அடுத்தது வெந்நீர். அப்போது கப்பல் தெற்கே இறங்கிச் சூடான கடலுக்கு வந்துவிடும். அதற்கு ஒரு நீளமான பெயர் சொல்வார், எங்கள் வாயில் வராது. நாங்கள் வெந்நீர்க் கடல் என்றே சொல்லிக்கொள்வோம். அங்கே ஒரு தீவில் ஜனங்கள் பட்டினி கிடக்க, மாவும் எண்ணெயும் ஏற்றிய கப்பல்களை இவர்கள் காவல் காத்துக் கூட்டிக்கொண்டு போக, மேலே விமானங்கள் வர, பெரிய பீரங்கிகள் வெடிக்கும். முதுகில் சோப்புப் போடும்போது அந்த முதுகு அதிர்வதை என் உள்ளங்கையில் உணர்ந்திருக்கிறேன்.

அவருடைய வேலை பீரங்கிக்கு அடியில். மேலே தெரியும் பீரங்கி ஒரு மரம் என்றால், அதன் வேர் கப்பலுக்குள்ளே மாடி மாடியாக இறங்கும். கடைசி அடித்தளத்தில் மருந்தறை. வெடிமருந்தைப் பட்டுத்துணிப் பைகளில் கட்டி அடுக்கியிருப்பார்கள். உள்ளே வேலை செய்கிறவன் ஆணி வைத்த செருப்புப் போடக்கூடாது, தீப்பெட்டி கூடாது, ஒரு சாவிகூடக் கூடாது. ஒரு பொறி பட்டால் கப்பலே இரண்டாகப் போகும். அந்த அறைக்கு மேலே தரையில் ஒரு இரும்பு மூடி. அதைச் சுற்றிலும் நெம்புகோல்கள். சண்டை நடக்கும்போது மூடியைப் போட்டு, நெம்புகோல்களை மேலே இருந்து அடித்து இறுக்கவேண்டும். கீழே இருப்பவனால் திறக்க முடியாது. பக்கத்தில் நெருப்பு வந்துவிட்டால் குழாயைத் திறந்து மருந்தறையைக் கடல் தண்ணீரால் நிரப்பவேண்டும். மூடியை அடித்து இறுக்குவதும் குழாயைத் திறப்பதும் டெஸ்மண்ட் சாரின் வேலை.

கதை தினமும் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். குண்டு விழுந்தது, புகை இறங்கி வந்தது. மேலே இருந்து பேசும் குழாய் வழியாக அதிகாரி சொன்னார்: கீழே எல்லாரும் ஏறி வந்துவிட்டார்கள், யாரும் இல்லை, மூடு. அவ்வளவுதான். அந்த இடம் வந்ததும் டெஸ்மண்ட் சார் முக்காலியை விட்டு எழுந்துவிடுவார். “போதும் மேன்” என்பார். காலில் சோப்புப் போட விடமாட்டார். உடம்பெல்லாம் சுத்தமாக, முழங்காலுக்குக் கீழே மட்டும் அழுக்காக அறைக்குப் போவார். அவர் தூங்கினபிறகு ஈரத்துணியால் நான் துடைத்துவிடுவேன்.

கப்பல் அந்த இடத்தில் மூழ்கிவிட்டது, அதனால்தான் மேலே சொல்ல மாட்டேன் என்கிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம். நான் வாளியைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தால் ஷாந்தம்மா கேட்பாள், “ஏன் ஞானம்மா, உங்க துரை கப்பல் இன்னிக்கும் முழுகிப்போச்சா?” “முழுகிப்போச்சு” என்பேன். தினப்படிப் பேச்சு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடையும் நினைவும் திடமாக இருந்தவர்கள் எல்லாரும் வேனில் கோயிலுக்குப் போயிருந்தார்கள். மிச்சம் பேரைப் பார்த்துக்கொள்ள இல்லத்தில் மேட்ரன், நான், ஷாந்தம்மா, வாட்ச்மேன் மட்டும்தான். எங்கள் இல்லம் பழைய பங்களா. ஒரே நீள வராந்தா. ஒரு பாதி பெண்களுக்கு, ஒரு பாதி ஆண்களுக்கு. நடுவில் தேக்கில் செய்த இரட்டைக் கதவு. ஆண்கள் பக்கம் கடைசியில் குளியலறை, அதற்கு எதிரே சாமான் அறை. கரண்ட் போனால் விளக்கு எரிவதற்கான பேட்டரி அங்கேதான் இருந்தது. பழைய பஞ்சு மெத்தைகளையும் அங்கேயே அடுக்கிவைத்திருந்தார்கள். பேட்டரி ஒயரில் பொறி பட்டு மெத்தை பற்றிக்கொண்டது.

மெத்தை எரிந்தால் நெருப்பு பெரிதாகத் தெரியாது. புகைதான். கறுப்புப் புகை, தொண்டையைக் கத்தி வைத்து அறுக்கிற மாதிரி. மேட்ரன் பயர் என்ஜினுக்குப் போன் போட்டுவிட்டு வந்தார். ஆண்கள் பக்கத்தில் டெஸ்மண்ட் சாரையும் சேர்த்து நாலு பேர் இருந்தார்கள். மற்ற மூவரையும் நடுக்கதவு வழியாகக் கூட்டிவந்து தோட்டத்தில் வாட்ச்மேனிடம் உட்கார வைத்தோம். டெஸ்மண்ட் சார் தடியை ஊன்றிக்கொண்டு தானே நடந்து வந்தார்.

இனி நடுக்கதவை மூடவேண்டும். ஏனென்றால் பெண்கள் பக்கத்தில் எழுந்திருக்க முடியாதவர்கள் மூன்று பேர் படுத்திருந்தார்கள். ஒருவர் மிஸ் ரோஸ், பியானோ டீச்சராக இருந்தவர், ஆஸ்துமாக்காரர். அந்தக் கட்டில்களைத் தூக்க எங்களுக்கு ஆள் போதாது. கதவை மூடி, அடியில் ஈரப்போர்வை திணித்தால் பயர் என்ஜின் வரும்வரை அவர்கள் தாங்குவார்கள். மூடாவிட்டால் தாங்க மாட்டார்கள்.

டெஸ்மண்ட் சார் கதவின் நடுவில் நின்றுவிட்டார். முதுகை ஒரு கதவில் சாய்த்து, தடியை மற்ற கதவுக்குக் குறுக்கே கொடுத்து நின்றார்.

“கீழ ஒருத்தன் இருக்கான்” என்றார்.

ஷாந்தம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “பேடா சார், வேணாம் சார், நகருங்க சார், யாரும் இல்ல சார்.” அவர் அசையவில்லை. கல்தூண் மாதிரி நின்றார். நானும் பிடித்தேன். மேட்ரன் வந்து எங்கள் இருவர் கையையும் விலக்கினார். அந்த வயதில் விழுந்தால் இடுப்பு உடையும். விழுந்த ஆளை நகர்த்தவும் முடியாமல் கதவையும் மூட முடியாமல் போகும்.

மேட்ரன் அவருக்கு முன்னால் போய் நின்று, எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னார். “சார், நான் எண்ணிட்டேன். மூணு பேரும் தோட்டத்துல இருக்காங்க. நாலாவது நீங்க. உள்ள யாரும் இல்ல.”

“எண்ணின. போய்ப் பாத்தியா?”

மேட்ரனிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட ஆள் அதுவரை யாரும் இல்லை.

“அன்னிக்கும் இப்படித்தான் சொன்னாங்க” என்றார் டெஸ்மண்ட் சார். புகையில் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. “கீழ யாரும் இல்ல, மூடுன்னு குழாய்ல சொன்னாங்க. மூடினேன். அடிச்சு இறுக்கினேன். தண்ணியத் தொறந்து விட்டேன். அப்புறம் கீழேருந்து தட்டினான்.”

எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, தினமும் அவர் எந்த இடத்தில் எழுந்துவிடுகிறார் என்று.

பெண்கள் பக்கத்திலிருந்து மிஸ் ரோஸ் இருமும் சத்தம் வந்தது. நிறுத்தாமல் வந்தது. மேட்ரன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், இந்தப் பக்கம் புகையைப் பார்த்தார். இன்னொருவராக இருந்தால் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நாலு கையாக இழுத்துப் போட்டுக் கதவை மூடியிருப்பார்கள். அதைத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

“ஞானம்” என்றார். “ஈரப்போர்வைய மேல போத்திக்கோ. போய்ப் பாத்துட்டு வா. எல்லா அறையும்.”

ஷாந்தம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்குத்தான் புத்தி இல்ல, உனக்குமா? புள்ளைங்கள நெனச்சியா?”

மேட்ரன் இரண்டாவது தடவை சொல்லவில்லை. நான் தாமதித்திருந்தால் அவரே போயிருப்பார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியும் விட்டார். அந்த வயதில் அவர் போய்த் திரும்பி வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். முந்தானையை இழுத்துக்கொண்டு போனேன்.

குனிந்தால் தரைக்கு மேலே ஒரு முழம் அளவுக்குக் காற்று இருந்தது. முட்டி போட்டே போனேன். முதல் அறை. கட்டில், கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால். யாரும் இல்லை. அடுத்த அறை. யாரும் இல்லை. கண் திறக்க முடியவில்லை, கையால் தடவித்தான் பார்த்தேன். டெஸ்மண்ட் சாரின் அறை. கட்டிலுக்கு அடியில் அவர் ஷூ இரண்டும் சேர்ந்தாற்போல் இருந்தன. யாரும் இல்லை.

மிச்சம் குளியலறை. அது சாமான் அறைக்கு நேர் எதிரே. அங்கே சூடு முகத்தில் அறைந்தது. அதன் கதவு சாத்தியிருந்தது. இங்கேயே திரும்பிப் போய், பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? உள்ளே ஆள் இல்லை என்று எனக்கே நிச்சயமாகத் தெரியும். மேட்ரன் எண்ணியிருக்கிறார், நானும் எண்ணியிருக்கிறேன். அப்படியும் கை திரும்ப விடவில்லை. பழகின கை.

கதவைத் தட்டினேன். ஏன் தட்டினேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. தட்டிவிட்டு, உள்ளிருந்து யாராவது திருப்பித் தட்டுகிறார்களா என்று காதை வைத்துக் கேட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. பிறகு தோளால் தள்ளி உள்ளே போனேன். வாளி, சொம்பு, முக்காலி. மூலையையும் தடவிப் பார்த்தேன். யாரும் இல்லை.

திரும்பி வந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. கதவுக்கு வெளியே மேட்ரனின் வெள்ளைப் புடவை தெரிந்தது, அதை வைத்து வந்தேன்.

டெஸ்மண்ட் சார் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“பாத்தியா?”

“பாத்தேன் சார்.”

“குளிக்கிற ரூம்?”

“தட்டிப் பாத்தேன். திருப்பித் தட்டல. உள்ள போயும் பாத்தேன். யாரும் இல்ல சார்.”

என் நெற்றியை ஒரு விரலால் தொட்டார். விரலில் கரி ஒட்டியதைப் பார்த்தார். பிறகு தடியை எடுத்து ஷாந்தம்மா கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கதவையும் அவரே இழுத்துச் சேர்த்தார். மேல் தாழ், கீழ் தாழ் போட்டார். அதோடு விடவில்லை. கதவின் ஓரத்தைச் சுற்றி, ஒன்றுமே இல்லாத இடங்களில், கையை முஷ்டியாக்கி ஒவ்வொரு இடமாகக் குத்தி இறுக்கினார். மேட்ரன் போர்வையை அடியில் திணிக்கக் காத்துக்கொண்டிருந்தார். டெஸ்மண்ட் சார் முடிக்கும்வரை காத்துக்கொண்டிருந்தார்.

பயர் என்ஜின் வந்தது, நெருப்பு அணைந்தது. எனக்கு நாலைந்து நாள் கறுப்பாகச் சளி வந்தது, அவ்வளவுதான். மிஸ் ரோஸை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிழைத்து வந்தார். ஆனால் அந்த இருமல் கடைசிவரை அவரை விடவில்லை. கதவு திறந்திருந்த நேரத்தில் அவர் இருமியதை நான் காதால் கேட்டவள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இல்லத்தை நடத்துகிற கமிட்டிக்காரர்கள் விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டு ஓரமாக நிற்க வைத்தார்கள். புத்தி தடுமாறிய ஒருவர் பேச்சைக் கேட்டு மூன்று பெண்களின் உயிரோடு விளையாடினீர்களா என்று ஒருவர் மேட்ரனைக் கேட்டார்.

“நான் எண்ணினேன் ஐயா. பாக்கல. அவர் கேட்டது அதத்தான்” என்றார் மேட்ரன். என்னை அனுப்பியது யார் என்று கேட்டதற்கு, நான்தான் என்றார். அடுத்த வருஷம் அவரை வேலையில் நீடிக்க விடவில்லை. வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். கஞ்சி போட்ட புடவையோடு, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினார். போகும்போதுகூட, மத்தியானச் சுற்று போயாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அதெல்லாம் பிறகு. நெருப்புக்குச் சில நாள் கழித்து டெஸ்மண்ட் சாரைக் குளிப்பாட்டினேன். ஆண்கள் பக்கம் இன்னும் வெள்ளையடித்து முடியவில்லை, அதனால் பெண்கள் பக்கத்துக் குளியலறை. நெருப்பு நடந்தது அவருக்கு நினைவில் இருந்ததோ இல்லையோ தெரியாது. பச்சைத் தண்ணீர் ஊற்றினேன், பனிக்கடல் வந்தது. வெந்நீர் ஊற்றினேன், தீவு வந்தது, விமானம் வந்தது. குண்டு விழுந்தது. குழாயில் சொன்னார்கள், மூடினார். நான் வழக்கப்படி துண்டை எடுத்து நீட்டினேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. முக்காலியிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் துண்டைக் கீழே வைத்தேன்.

“அப்புறம் சார்?” என்றேன்.

“அப்புறம் என்னா, ரிப்பேருக்குப் போனோம். அப்புறம் திருகோணமலை.”

நான் அவர் காலை எடுத்து என் மடியில் வைத்து சோப்புப் போட ஆரம்பித்தேன். விட்டார். திருகோணமலையில் கப்பல் நங்கூரம் போட்டு நிற்க, கீழே படகில் ஒருவன் இளநீர் விற்றானாம். கப்பலில் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் என்று நினைத்து அவன் கையைக் காட்டி விலை சொல்ல, இவர் மேலே இருந்து, “டேய், இளநி என்னா வெல? ஒழுங்கா சொல்லு” என்று தமிழில் கத்தினாராம். அவன் துடுப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டானாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“சார், கப்பல் முழுகலியா?”

“யாரு சொன்னா முழுகிச்சுன்னு?” என்றார். “அத்தன பேரும் ஊருக்குத் திரும்பினோம் மேன்.” மற்ற காலையும் நீட்டினார். “அவன் ஒருத்தனத் தவிர.”

விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். இரண்டு காலையும் கழுவினேன். வெளுத்துச் சுருங்கி, பச்சைப்பிள்ளையின் கால் மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்தார், எழுந்து போகவில்லை.

வாளியைக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தேன். ஷாந்தம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

“ஏன் ஞானம்மா, இன்னிக்கும் முழுகிப்போச்சா?”

“இல்ல” என்றேன். “கரைக்கு வந்துடுச்சு.”